பதினெட்டில் பதினேழு சோதித்தாயிற்று

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம். இடுப்புக்குக் கீழே மட்டும் சுகம் சற்றுக் குறைவு, காரணம் பின்னால் வரும். அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் இரத்தக் கொதிப்பின் சுகத்தையும், சம்பந்தி ஐயா எப்போதாவது வாய் திறந்து சொன்னால் அவருடைய சுகத்தையும் தெரிந்துகொள்ள ஆசை. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் என் முறை வருவதற்குள் சார்ஜ் போய்விடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படவும். நடுவில் கோபப்பட வேண்டாம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருகிற வியாழக்கிழமை நம் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் ஆறு வாரம் அவள் மாடிப்படி ஏறக் கூடாது. அவர்கள் குடியிருப்பதோ நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, எழுபத்திரண்டு படி; நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். படி இல்லாத வீடு நம் குடும்பத்தில் இரண்டே இரண்டு. ஒன்று உங்களுடையது, இன்னொன்று என்னுடையது. இரண்டையும் பார்த்துவிட்டு எங்கே வந்து தங்குவது என்று முடிவு சொல்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டாள். கட்டிலுக்கு மேலே சுவரில் அட்டவணை தொங்குகிறதாம், தலையணை உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லையாம். இன்று மாலை நாலு மணிக்கு என் வீட்டைப் பார்க்க வருகிறாள். இப்போது காலை பத்து மணி. அவள் வருவதற்கு முன்னாலேயே உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்: குழந்தையோடு அவள் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். நீங்கள் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்க வேண்டும்.

நீங்கள் முப்பது வருஷம் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவர் என்பதை நான் மறக்கவில்லை. மறக்க நீங்கள் விடவும் இல்லை. போன மாதம் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது நீங்கள் சொன்ன வார்த்தை இன்னும் காதில் ஒலிக்கிறது. "ஒத்தை ஆம்பளை இருக்கிற வீட்ல என்னங்க இருக்கும்? ஒரு துண்டு இருக்கும், ஒரு ரேடியோ இருக்கும்" என்றீர்கள். அன்றைய தேதிக்கு அது உண்மைதான். ரேடியோகூட ரிப்பேரில் இருந்தது. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அதோடு விடாமல், பிரசவமான பெண் உடம்பு தேற என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினீர்கள். மொத்தம் பதினெட்டுப் பொருள். எப்படிப் பிறக்கும் என்று அப்போது தெரியாததால் ஆபரேஷன் என்றாலும் சரி, சுகப்பிரசவம் என்றாலும் சரி, இரண்டுக்கும் சேர்த்தே எழுதியிருந்தீர்கள். கீழே, "இதெல்லாம் உங்களால் ஆகிற காரியமா என்று யோசித்துக்கொள்ளவும்" என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். யோசித்தேன். ஆயிற்று. பதினெட்டும் வாங்கியாயிற்று. அதில் பதினேழை நானே சோதித்தும் ஆயிற்று.

"சோதித்து" என்ற இடத்தில் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்திருப்பீர்கள். சரியாகத்தான் படித்தீர்கள். நான் நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவன். என்னுடைய வேலை உட்காருவது. ஒரு நாளைக்கு இருநூறு நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து, ஒரு ஆட்டு ஆட்டி, எழுந்து முத்திரை குத்துவேன். நான் உட்காராத நாற்காலி அந்த வாசலைத் தாண்டியதில்லை. ஊரெல்லாம் ஓடியாடிச் சம்பாதித்தார்கள். நான் உட்கார்ந்தே ஒரு பெண்ணைப் படிக்க வைத்துக் கல்யாணமும் பண்ணிக்கொடுத்தேன். அப்படிப்பட்டவன், பெற்ற பெண் உபயோகிக்கப்போகிற பொருளைச் சோதிக்காமல் கொடுப்பேனா? கையெழுத்துப் போட எனக்கு மனசு வருமா?

முதல் பொருள், பிரசவத்துக்குப் பின் வைக்கும் பெரிய பேட். மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா நல்ல மாதிரி, சத்தமாகப் பேசுகிற மாதிரி. "யாருக்கு சார்?" என்றார். "முதல்ல எனக்கு, அப்புறம் என் பொண்ணுக்கு" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா சார் இப்படி?" என்றார். என் தொழிலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "முப்பத்தொரு வருஷமா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதெல்லாம் வெக்கப்படற விஷயமே இல்ல சார், மறைக்காம டாக்டரைப் பாருங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஆறுதல் சொல்லி, இன்னும் பெரிய சைஸில் ஒரு பாக்கெட்டைச் சும்மாவே பையில் போட்டார். எனக்குப் பின்னால் இருமல் மருந்து வாங்க நின்றவர் யார்? எதிர்வீட்டு வக்கீல். அவர் காதில் ஒன்று விழுந்தால் தெருவில் விழுந்த மாதிரி. மறுநாள் காலை நடைப்பயிற்சிக்கு வருகிற நாலு பேரில் மூன்று பேர் என்னைத் தனித்தனியாக மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய், "எனக்கும் அப்படித்தாங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்கள். பாவமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். அது போக மீதியைத்தான் சோதித்தேன். ஒரு பேடைக் கால்சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, வீட்டில் உள்ள நாலு விதமான நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தேன். நாலாவது டம்ளர் வரைக்கும் குறை சொல்ல முடியாது. ஐந்தாவது டம்ளருக்கு வாசல் மணி அடித்தது. மின்சார மீட்டர் பார்க்கிறவர். கதவைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார், பிறகு மீட்டரைப் பார்க்காமலேயே போய்விட்டார். இந்த மாதம் எனக்குக் கணக்கு எப்படிப் போட்டிருக்கிறார் என்று தெரியவில்லை.

அடுத்தது அந்த பேசின். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பதினைந்து நிமிஷம் அதில் உட்கார்ந்திருந்தால் தையல் போட்ட இடத்தில் வலி குறையும் என்று எழுதியிருந்தீர்கள். உட்காருவது! என் துறை! பட்டியலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் அதுதான். குளியலறையில் வாட்டமாக வைத்து, சூடு பார்த்து, உட்கார்ந்தேன். சம்பந்தி அம்மா, உள்ளதைச் சொல்கிறேன், எத்தனையோ ஆயிரம் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்; அந்த சுகம் எதிலும் கிடையாது. கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது, தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டது, இரண்டு காலும் என்னுடையவை மாதிரியே இல்லை. எழுந்தால் பேசினும் கூடவே எழுந்து வருகிறது. அப்படித் திரும்பினேன், இப்படித் திரும்பினேன், அதுவும் திரும்பியது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். மேலே ஒரு போர்வையைப் போர்த்தி மானத்தைக் காப்பாற்றினார். பிறகு, "மாமா, மூச்சை உள்ள இழுங்க" என்றார். இழுத்தேன். "இப்ப வெளிய விடுங்க" என்றார். விட்டேன். "இப்ப என்னை மன்னிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு காலைச் சுவரில் ஊன்றி ஒரே இழுப்பு. பேசின் தனியே, நான் தனியே, குழாய் தனியே வந்தோம். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அவர் எழுபத்திரண்டு படி ஏறி முடிப்பதற்குள் உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் ஒரு திருத்தம்: நான் "அம்மா" என்று கத்தவில்லை. "அம்மாடி" என்றுதான் சொன்னேன்.

இவ்வளவும் ஆன பிறகு, அந்த வாரக் கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் என்ன சொன்னார்? குழந்தை தலைகீழாகத் திரும்பவே இல்லையாம். சம்மணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். ஆகவே ஆபரேஷன்தான், பேசின் தேவையில்லை. கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், ஒரு பேசினுக்காக அவ்வளவு பட்டவன். அடுத்த நிமிஷமே பூரித்துப் போனேன். உட்கார்ந்திருக்கிறதாமே! ஒன்பது மாதமாக இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறதாமே! உங்கள் பக்கத்தில் எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள். அது யாரைக் கொண்டு பிறக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாவது பொருள், மலச்சிக்கல் வராமல் இருக்க நார்ச்சத்துப் பொடி. தையலோடு முக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள், நல்ல யோசனை. ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. எந்த ஸ்பூன் என்று போடவில்லை. நான் சாம்பிளுக்காக மூன்று அளவு ஸ்பூனிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட இருபதாவது நிமிஷம் எதிர்வீட்டு வக்கீல் வந்து உட்கார்ந்தார். என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டு வந்தாராம். தனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இதே நோய் இருந்தது, அவர் எப்படி ஒரு வழக்கில் நஷ்டஈடு வாங்கினார் என்று ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல்கோர்ட்டுக்கு வழக்குப் போவதற்குள் என் வயிற்றில் தீர்ப்பு வந்துவிட்டது. நான் எழுந்தால், "உட்காருங்க, முக்கியமான கட்டமே இனிமேதான்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். வாழ்க்கையில் முதன்முதலாக உட்காரப் பயந்தேன். பொடி முத்திரை குத்தத் தகுதியானது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பதினோராவது பொருள், கட்டிலில் கைக்கெட்டும் தூரத்தில் கூப்பிட ஒரு மணி. கடையில் கிடைக்கிற மணியெல்லாம் கிணுகிணு என்று கொலுசு மாதிரிதான் சத்தம் போடுகிறது. எனக்கோ இடது காது கொஞ்சம் மந்தம். என்னோடு வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடியும்போது அடிக்கிற பழைய மின்சார மணியைப் பத்திரமாக வைத்திருந்தார். கேட்டேன், கொண்டுவந்து மாட்டியே கொடுத்துவிட்டார். கட்டிலில் படுத்தபடி பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அப்போது காலை பதினொன்றே கால். தெருமுனையில் பள்ளிக்கூடம் இருப்பது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் நானூறு பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "லீவு, லீவு" என்று கத்திக்கொண்டு என் வாசலைத் தாண்டி ஓடுகிறார்கள். பின்னாலேயே இரண்டு டீச்சர்களும் கைப்பையோடு வேகமாகப் போனார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. தலைமையாசிரியை நேரில் வந்து, "சார், உங்க வயசுக்கு இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். பெண்ணுக்குப் பிரசவம் என்று சொன்னேன். "பிரசவத்துக்குப் போய் யாராவது சங்கு ஊதுவாங்களா?" என்றார். மணிக்கு இப்போது துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருமும்போது வயிற்றில் அழுத்திப் பிடிக்கிற தலையணை: மிளகுப்பொடியை மோந்து சோதித்தேன், பதினாலு தும்மல் தாங்கியது, பதினைந்தாவதில் கையை விட்டுப் பறந்து அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. குற்றம் தலையணையுடையது அல்ல. படுத்தபடியே குடிக்கிற குழாய் வைத்த தண்ணீர் பாட்டில்: குறை ஒன்றும் இல்லை, படுத்தபடியே சிரித்தால் மூக்கில் வருகிறது. பால் எடுக்கிற மிஷின்: இதை எங்கே வைத்துச் சோதிப்பது என்று ஒரு நாள் பூராவும் யோசித்துக் கடைசியில் கன்னத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். நல்ல இழுவை. மூன்று நாளாக வலது கன்னத்தில் வட்டமாக ஒரு சிவப்பு. வக்கீலின் மனைவி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். என்ன நினைத்தாரோ, கேட்கவும் தைரியம் இல்லை. பதினெட்டில் நான் சோதிக்காமல் விட்ட பொருள் ஒன்றே ஒன்று, தையலில் படாமல் உயரமாக நிற்கிற உள்ளாடை, ஆறு. பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒரு தகப்பன் எங்கேயாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும் இல்லையா. நான் அங்கே நின்றுவிட்டேன்.

இவ்வளவு கோமாளித்தனம் எதற்கு, சம்பந்தி அம்மாதான் எல்லாம் தெரிந்தவராயிற்றே, அவரிடமே விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இனிமேலும் நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன். என் மனைவியை நீங்கள் பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே போய்விட்டாள். இந்தப் பெண் பிறந்தபோது தொழிற்சாலையில் பெரிய ஆர்டர். நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, காய் நறுக்கிக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்: "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் உட்கார வலிக்குதான்னு நாள் முழுக்கப் பாத்தீங்க. இவ பொறந்தப்ப எனக்கு நாப்பது நாள் உட்கார முடியல. நீங்க ஒரு நாள் கேக்கல." அவ்வளவுதான் சொன்னாள், மறுபடி காய் நறுக்கப் போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு இருந்தது ஒரு மர ஸ்டூல். முத்திரை குத்தாத ஸ்டூல்.

அதனால்தான் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் செய்திருக்கிறேன். ஒரு நாற்காலி. வயிற்றில் பலம் கொடுக்காமல் கையை ஊன்றியே எழுந்திருக்கிற மாதிரி கைப்பிடியை நாலு விரல்கடை உயர்த்தி, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது முழங்கை தாங்குகிற மாதிரி அகலமாக்கி, முதுகுக்குச் சரிவு கொடுத்து, அவள் உயரத்துக்குக் கால்களை அறுத்து, மூன்று வாரம் ராவியிருக்கிறேன். நானூறு தடவை உட்கார்ந்து எழுந்தாயிற்று. இடுப்புக்குக் கீழே சுகம் குறைவு என்று மேலே எழுதினேனே, பாதிக் காரணம் பேசின், பாதிக் காரணம் இது. சம்பந்தி அம்மா, உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு தடவை, "உட்கார வலிக்குதாம்மா?" என்று கேட்கிற ஆள் நானாக இருக்க வேண்டும். நீங்கள் விட்டுக்கொடுங்கள். நீங்கள் வேண்டுமானால் தினமும் பத்து மணிக்கு வந்து பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போகலாம். உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், நல்ல கெட்டியானது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி. இன்னும் இரண்டிலும் சேராமல் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என் பாராட்டு. சம்பந்தி ஐயாவைக் கேட்டதாகச் சொல்லவும். அவர் தலையாட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கோபத்தைக் குறைத்து, நீடூழி நலமாக இருக்க வேண்டும், என் வீட்டில் அல்ல, உங்கள் வீட்டிலேயே.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத சம்பந்தி,
தரப் பரிசோதகர் (ஓய்வு)

பின்குறிப்பு: இப்போது மாலை ஆறரை. மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் மாப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். நாலு மணிக்கு அவரும் மகளும் வந்தார்கள். பதினெட்டுப் பொருளையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, முதலிலிருந்து சோதனை முடிவுகளை விளக்க ஆரம்பித்தேன். மருந்துக்கடைக் கட்டத்தில் அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பேசின் கட்டத்தில் (அவளுக்கு அவர் சொன்னது தெரியும், என் தரப்பு தெரியாது, நடித்தே காட்டினேன்) வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மணியின் துணியை அவிழ்த்துச் சும்மா ஒரு தடவை அழுத்திக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் பள்ளிக்கூடம் தப்பியது, வக்கீல் குடும்பம் மட்டும் தீப்பிடித்துவிட்டது என்று டிவியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் அவளுக்குச் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வியாழக்கிழமை நடக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமையே நடந்துவிடுமோ என்று மாப்பிள்ளை பயந்து போனார். அவளுடைய அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு நிறுத்த மனசு வரவில்லை, சம்பந்தி அம்மா. இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எனக்கு இங்க வரணும்னுதான் ஆசை. ஆனா வியாழக்கிழமைக்கு அப்புறம் வயித்துல தையல் இருக்கும். சிரிச்சா உயிரே போயிடும்னு டாக்டர் இப்பவே சொல்லிட்டாங்க."

"நான் வாயே திறக்க மாட்டேன்மா."

"நீங்க வாயைத் திறக்காம இருந்தா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்ப்பா."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே கிடையாது மாமா. நான் அங்க இருபத்தெட்டு வருஷம் இருந்திருக்கேன்" என்றார்.

ஆகவே தையல் ஆறுகிற வரைக்கும், முதல் பத்து நாள், அவள் உங்கள் வீட்டில்தான். முப்பத்தொரு வருஷத்தில் என் சரக்கை நானே தள்ளுபடி செய்வது இதுதான் முதல் தடவை. நாற்காலியை மாப்பிள்ளை தலையில் வைத்துக் கொண்டுவருகிறார். வழியில் யாரையும் உட்கார விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்து நாளும் தினம் காலையில் "உட்கார வலிக்குதாம்மா, அப்பா கேக்கச் சொன்னார்" என்று நீங்கள் அவளிடம் கேட்க வேண்டும். உங்கள் குரலிலேயே கேளுங்கள், என் மாதிரி கேட்க வேண்டாம். நான் வாசல் பக்கம்கூடத் தலையைக் காட்ட மாட்டேன். அவளைச் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சம்பந்தி அம்மா. இந்த ஒரு காரியத்தில் உங்களை அடித்துக்கொள்ள யாரும் கிடையாது என்பது எனக்குப் பூரண நம்பிக்கை. பதினோராம் நாள் காலையில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கப்புறம் அவள் சிரித்துக்கொள்ளட்டும்.